பன்னிரண்டாவது படிவம்

ஜூன் 17, செவ்வாய்

என்னைக் கல்லூரி லேபிலிருந்து துரத்திவிட்டார்கள். கார்முகிலன் அதை அப்படிச் சொல்லவில்லை. "எழில், உனக்குத்தான் பேச்சு நல்லா வரும். டாக்டருங்க, பேஷண்ட்டுங்களப் பாக்குற வேலைய நீ எடுத்துக்க" என்றான். போன வாரம் நான் தொட்ட மூன்று கிருமி வளர்ப்புத் தட்டுகளில் பாக்டீரியாவுக்குப் பதிலாகப் பூஞ்சை வளர்ந்ததை அவன் மறக்கவில்லை என்று அர்த்தம். குழுத்தலைவன் ஆனதிலிருந்து பையனுக்குப் பேச்சில் சர்க்கரை கூடிவிட்டது.

எங்கள் திட்டம் இதுதான். சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் மரத்துப்போகும். புண்ணில் சீழ் பிடித்தால் வலிக்காது. தெரியவரும்போது விரல் போயிருக்கும், சிலருக்குக் காலே போயிருக்கும். அதனால் தீங்கில்லாத ஒரு பாக்டீரியாவின் மரபணுவை மாற்றி, புண்ணில் கெட்ட கிருமி பெருகத் தொடங்கியதும் அது நீல நிறம் காட்டும்படி செய்யப்போகிறோம். அதைக் கட்டுத்துணிக்குள் வைத்தால், கட்டு நீலமாகும்போது ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். அக்டோபர் கடைசியில் பாரிஸில் மாணவர் போட்டி. இதை யாருக்காகச் செய்தீர்களோ அவர்களைக் கேட்டீர்களா என்பதுதான் நடுவர்களின் முதல் கேள்வியாம். கேட்டதாகக் காட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

இதில் வேடிக்கை என்னவென்றால் எனக்கே பன்னிரண்டு வயதிலிருந்து சர்க்கரை. தினம் நான்கு ஊசி. குழுவில் ஒருவருக்கும் தெரியாது. "கல்யாணம் ஆகுற வரைக்கும் இது நம்ம நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும்" என்பது அம்மாவின் கட்டளை. புதுக்கோட்டையில் அது நடந்தது. இங்கே திருச்சி விடுதியில் என் இன்சுலின் பொது ஃபிரிட்ஜில் ஓர் ஊறுகாய் டப்பாவுக்குள் ஒளிந்து வாழ்கிறது. மதியம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவதால் மதிய ஊசி அடிக்கடி விட்டுப்போகிறது. ராத்திரி கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொள்கிறேன். சமாளிக்க முடிகிறது. இதை எழுதிப் பெரிதாக்க வேண்டாம்.

ஜூன் 20, வெள்ளி

பெரிய ஆஸ்பத்திரியில் பாதப் புண் பிரிவு வெள்ளிக்கிழமை மட்டும்தான். டாக்டர் மெஹருன்னிசா என்று பலகையில் இருந்தது. நாற்காலியில் ஒரு லாரி டிரைவர் உட்கார்ந்திருந்தார். டாக்டரைக் காணோம் என்று தேடினால், அவர் கீழே ஒரு மர முக்காலியில் இருக்கிறார். மடியில் பச்சைத் துணி. அதன் மேல் டிரைவரின் கால்.

டிரைவர் கூச்சத்தில் காலை இழுத்தார். "வேணாம் டாக்டரம்மா, போயும் போயும் காலப் போயி மடியில..."

"கால் பாக்குற டாக்டர்ட்ட மூஞ்சியவா காட்டப்போறீங்க? நீட்டுங்க."

ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தார். இடுக்கில் டார்ச் அடித்தார். நாற்பத்தியிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். நாற்பத்தியிரண்டு பேருடைய கால்களும் அந்த மடிக்கு வந்தன. நான் நான்கு மணி நேரம் நின்று பார்த்தேன். எரிச்சலோடு போனவள், எப்போது எரிச்சலை மறந்தேன் என்று தெரியவில்லை.

கடைசியில் எங்கள் வண்ணப் படங்களைக் காட்டினேன். "அழகா இருக்கு" என்றார். "ஒண்ணு சொல்லுங்க. நான் தெனம் அயோடின் வச்சுத் தொடைக்கிறேன். புண்ணுல இருக்குற கிருமியே சாகுது. உங்க கிருமி மட்டும் விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சௌக்கியமா உக்காந்திருக்குமா?"

நான் அடுத்த படத்தைப் புரட்டினேன்.

"அப்புறம், அயோடின் பட்டா துணி பழுப்பாயிரும். அதுல உங்க நீலம் தெரியுமா?"

ஏழு மாதமாக ஆறு பேர் யோசித்த திட்டம். ஒருவர்கூட ஒரு புண்ணுக்குக் கட்டுப் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

நோயாளிகளிடம் கேட்க நான் தயாரித்த படிவத்தை வாங்கிப் பார்த்தார். ஐந்து கேள்விகள். பேனாவை எடுத்து ஆறாவதாக ஒன்று எழுதினார்: 'உங்கள் நோயைப் பற்றி வீட்டுக்கு வெளியே யாரிடம் சொல்லியிருக்கிறீர்கள்?'

"இதுக்கும் திட்டத்துக்கும் என்ன மேடம் சம்பந்தம்?"

"கேட்டுப் பாருங்க. மறைக்கிறவங்கதான் எங்கிட்ட கடைசியா வர்றாங்க. அப்ப நான் வெட்டத்தான் முடியும்."

சரி என்று சொல்லிவிட்டு, பேருந்து வந்துவிடும் என்று கிளம்பினேன். பேருந்து வர நாற்பது நிமிடம் ஆனது.

ஜூன் 21, சனி

அயோடின் விஷயத்தைக் குழுவில் சொன்னேன். கார்முகிலன் அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை. இந்த வருடத்தின் மிக அமைதியான அரை மணி நேரம்.

ஜூன் 27, வெள்ளி

பதினொரு பேர் பேச ஒத்துக்கொண்டார்கள். பதினொரு படிவங்கள். 'கட்டு எந்த நிறமாக மாறினால் உங்களுக்குப் பிடிக்கும்?' என்று கேட்டேன். என்ன அசட்டுத்தனம்! உள்ளங்காலில் இருக்கும் கட்டை யார் குனிந்து பார்ப்பது? நான்கு பேருக்குக் குனிய முடியாது. மூன்று பேருக்குச் சர்க்கரையால் கண்ணே மங்கிவிட்டது. ஓர் அம்மா, "எம் மருமகளக் கூப்பிட்டுக் காட்டணும். அதுக்குப் பதிலா காலே போகட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஆறாவது கேள்விக்குத்தான் எல்லோரும் நீளமாகப் பேசினார்கள். ஒருவர் தன் முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று, ரத்தம் கசிந்த காலோடு ஷூ போட்டுக்கொண்டு ஒரு மாதம் நடந்திருக்கிறார். எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தேன்.

பதினொன்றாவது ஆள் பெர்க்மான்ஸ். வயது நாற்பத்தொன்பது. பாலக்கரையில் ஒரு காப்பிக் கடையில் கொட்டை வறுப்பவர். வலது கண் போய்விட்டது, இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும். இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. வலது பாதத்தில் புதிதாக ஒரு புண்.

"எனக்குக் கலரே வேணாம் பாப்பா" என்றார். "நீலமோ பச்சையோ, எனக்கு எல்லாம் ஒண்ணுதான். இந்த ரெண்டு வெரலு எப்படிப் போச்சு தெரியுமா? வறுத்த கொட்ட ஒண்ணு செருப்புக்குள்ள விழுந்துருச்சு. சூடு தெரியல. நான் பாட்டுக்கு நிக்கிறேன். கொஞ்ச நேரத்துல காப்பி வாசனைக்கு நடுவுல வேற ஒரு வாசன. என்னடா கருகுதுன்னு பாத்தா, நாந்தேன்."

பேனாவைக் கீழே வைத்தேன்.

"கண்ணு ஏமாத்திருச்சு, காலும் ஏமாத்திருச்சு. மூக்கு மட்டும் இதுவர ஏமாத்தல. அதுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்றார்.

ஜூலை 2, புதன்

பெர்க்மான்ஸ் அண்ணனைப் பார்க்கக் கடைக்கே போனேன். போகவேண்டிய அவசியம் இல்லை. பார்க்கவேண்டும் போலிருந்தது.

வறுக்கும் உருளை சுற்றுகிறது. அவர் முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து நிற்கிறார். முதலில் பச்சைப்புல் வாசனை, அப்புறம் ரொட்டி வாசனை, அப்புறம்தான் காப்பி என்றார். எனக்கு மூன்றும் ஒன்றாகத்தான் இருந்தது. கொட்டை வெடிக்கும் சத்தம் கேட்டதும் கையை உயர்த்தி மனதுக்குள் எண்ணி, "எடு!" என்றார். தட்டில் கொட்டினார்கள். எல்லாக் கொட்டையும் ஒரே நிறம். கண் தெரிந்த நான் ஒரு தட்டுப் பாக்டீரியாவை ஒழுங்காக வளர்க்கத் தெரியாதவள்.

"பாப்பா, பையில பழம் வச்சிருக்கியா?"

"இல்லண்ணே."

"சாப்ட்டுட்டு வந்தியா?"

"இல்லையே."

"அப்ப பக்கத்துக் கடையா இருக்கும்" என்றார். பக்கத்துக் கடை பாத்திரக் கடை. அவருடைய மூக்குக்கும் லீவு வேண்டும் போலிருக்கிறது.

அங்கேயே மதியம் ஆகிவிட்டது. ஊசி போட இடமில்லை. விட்டுவிட்டேன். என்ன வெயில்! இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை.

ஜூலை 9, புதன்

ஜெயித்துவிட்டேன்! நிறத்தைக் கைவிட்டு வாசனைக்கு மாறுகிறோம்.

நேற்று கார்முகிலன் முதலில் தாம்தூம் என்று குதித்தான். ஏழு மாத வேலை. நான் பதினொரு படிவங்களையும் மேசையில் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். ஏழாவது படிவத்தில் உட்கார்ந்தான். பதினொன்றாவதில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். இன்று காலையில் அவனே ஒரு புது வரைபடத்தோடு வந்தான். பாக்டீரியாவைப் புண்ணில் வைக்கப்போவதில்லை. கட்டின் வெளி அடுக்கில் மெல்லிய சவ்வுப் பைக்குள் அடைத்து வைப்போம். பாக்டீரியா வெளியே வராது, அயோடினும் அதைத் தொடாது. கெட்ட கிருமி விடும் இரசாயனம் மட்டும் உள்ளே போகும், வாசனை மட்டும் வெளியே வரும். பயலைப் பற்றி இதுவரை எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

பாக்டீரியாவை இரண்டு வாசனைகள் விடவைக்க முடியும் என்று ஏற்கெனவே தெரியும். ஒன்று வின்டர்கிரீன் என்ற செடியின் எண்ணெய், இன்னொன்று வாழைப்பழம். "வாழைப்பழம் காமெடியா இருக்கும். வின்டர்கிரீன்தான் சுத்தமான, மருத்துவமான வாசனை" என்று ஆறு பேரும் ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

சுடிதார் எல்லாம் தொளதொள என்று இருக்கின்றன. உணவுக் கட்டுப்பாடே இல்லாமல் நான்கு கிலோ இளைத்திருக்கிறேன். அறைத்தோழி பொறாமைப்படுகிறாள்.

ஜூலை 18, வெள்ளி

மானம் போயிற்று.

வின்டர்கிரீன் எண்ணெயைப் பஞ்சில் நனைத்து எடுத்துப்போனேன். பாக்டீரியா இல்லை, வெறும் வாசனை. கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொருவர் மூக்கிலும் காட்டினேன்.

"தைலம்" என்றார் முதல் ஆள்.

"மூட்டுவலித் தைலம்" என்றார் இரண்டாவது ஆள்.

மருமகள் அம்மா பஞ்சைப் பிடுங்கி முழங்காலில் தேய்க்கவே ஆரம்பித்துவிட்டார். "நல்ல தைலமா இருக்கே, எந்தக் கடை?"

பதினொரு பேரில் பத்துப் பேர் தினமும் தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பவர்கள். அந்த வீடுகளில் எங்கள் அபாய மணி ராத்திரி பகலாக அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆறு பேரும் இருபது வயதுக்காரர்கள். ஒருவருக்கும் மூட்டு வலித்ததில்லை. அதனால் வந்த வினை. டாக்டர் முக்காலியில் இருந்து விழாத குறையாகச் சிரித்தார்.

சிரித்து முடித்து, "ஏம்மா இப்படி இளைச்சுட்டீங்க?" என்றார். பரீட்சை என்றேன்.

ஜூலை 22, செவ்வாய்

வாழைப்பழ வேலை தொடங்கியது. லேபே பழக்கடை போல் மணக்கிறது. எனக்கு மட்டும் குமட்டுகிறது. மதியம் யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடாமல் இருந்தால் நன்றாக இருக்கும்.

ஜூலை 25, வெள்ளி

வயிற்றுவலி. ஆனாலும் போனேன்.

வாழைப்பழ வாசனை வேலை செய்தது. எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்றால், பஞ்சு டப்பாவைத் திறந்ததுமே டிரைவர், "யாருங்க வாழப்பழம் வச்சிருக்கறது? நமக்கு ஆகாதுல்ல?" என்று திருட்டுமுழி முழித்தார். மருமகள் அம்மா, "சத்தியமா நான் இல்ல டாக்டரம்மா" என்றார்.

பெர்க்மான்ஸ் அண்ணன் சக்கர நாற்காலியில் இருந்தபடி தொடையில் தட்டிச் சிரித்தார். "இதுதான் பாப்பா! சக்கரக்காரன் வீட்டுல வாழப்பழம் ஏது? ஒளிச்சு வச்சுத் தின்னாக்கூட எம் பொண்டாட்டி மோப்பம் பிடிச்சு வந்துருவா. இந்த வாசன வந்தா வீடே எந்திரிச்சு நிக்கும்."

ஆறு பேரின் படிப்புக்கும் தோன்றாதது. அப்படியே படிவத்தில் எழுதிக்கொண்டேன்.

"எப்ப கடைக்கு வரும் இது?" என்று கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இது போட்டிக்கான மாதிரிதாண்ணே. மனுசங்களுக்கு வர பத்து வருசம்கூட ஆகும். வராமலும் போகலாம்."

"பரவால்ல. அதுவரைக்கும் மூக்கு இருக்கு."

பஞ்சைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு சொன்னா கோச்சுக்காத. இதே மாதிரி வாசன உங்கிட்ட வருது" என்றார்.

"லேப் வாசனண்ணே. துணியில ஒட்டியிருக்கும்."

"துணியில இல்ல. நீ பேசும்போதுதான் வருது. மொத நாளு கடைக்கு வந்தியே, அன்னிக்கே வந்துச்சு. இன்னிக்கு ரொம்ப ஜாஸ்தி. டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லேன்."

"உங்க வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவரிடம் அப்படிச் சொன்னேன். எழுதவே கை கூசுகிறது.

வெளி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மூச்சு வாங்குகிறது. படி ஏறியதால் இருக்கும். நான் படி எதுவும் ஏறவில்லை

ஜூலை 28, திங்கள்

மேலே இருக்கும் வரிக்கு முற்றுப்புள்ளி வைக்கவில்லை. இருக்கட்டும்.

மூன்று நாள் தீவிரச் சிகிச்சைக்குப் பிறகு இன்றுதான் சாதாரண வார்டு. இன்சுலின் போதாவிட்டால் உடம்பு கொழுப்பை எரிக்கும், ரத்தம் அமிலமாகும், மூச்சில் பழ வாசனை வரும். இது எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். என் மூச்சு என் மூக்குக்குத் தெரியவில்லை. லேபில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை, லேபே வாழைப்பழமாக மணந்ததால். இன்னும் ஒரு பொழுது போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாய் என்று டாக்டர் மெஹருன்னிசா நேராகவே சொன்னார்.

அன்று நான் எழுந்து போனதும் பெர்க்மான்ஸ் அண்ணன் சும்மா இருக்கவில்லை. புண்ணுள்ள காலை ஒரு மாதத்துக்குத் தரையில் ஊன்றக்கூடாது என்று போன வாரம்தான் அவருக்குக் கண்டிப்பான உத்தரவு. அதற்காகத்தான் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்திருந்தார்கள். தள்ளுகிற ஆள் இல்லை. சுவரைத் தடவிக்கொண்டே முப்பது அடி நடந்து டாக்டரின் முக்காலிக்குப் போயிருக்கிறார். "அந்தப் பொண்ணு மூச்சுல பழம் மணக்குது, ஓடுங்க" என்றாராம். டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாராம்.

"அவர் கால்?" என்று கேட்டேன்.

"புண்ணு கொஞ்சம் பிரிஞ்சிருச்சு. பாக்கணும்" என்றார்.

போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அழுதேன். டாக்டர் போகவில்லை. "ஆறாவது கேள்விய உங்களுக்குன்னு எழுதல. எழுதியிருந்தா நல்லாருந்திருக்கும்னு மூணு நாளா நெனச்சுக்கிட்டிருக்கேன்" என்றார்.

ஜூலை 29, செவ்வாய்

குழு மொத்தமும் பார்க்க வந்தது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் செய்வதையே கார்முகிலனும் செய்தான். ஒரு சீப்புப் பூவன்பழம்.

அம்மா முந்திக்கொண்டாள். "வைரஸ் காய்ச்சல் தம்பி. ஒண்ணுமில்ல."

அம்மாவின் கண் சிவந்திருந்தது. மூன்று இரவு தூங்காதவள். அவளை மறுத்துப் பேசத் தயக்கமாகத்தான் இருந்தது. ஆனால் சுவரைத் தடவிக்கொண்டு ஓர் ஆள் நடந்த முப்பது அடி என் முன்னால் கிடந்தது.

"காய்ச்சல் இல்ல. சர்க்கரை. எட்டு வருசமா" என்றேன்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கார்முகிலன் பழத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். "அப்ப மதியம் ஊசி போட எங்க போவ?"

"எங்கயும் போகல. அதான் இங்க இருக்கேன்."

அவன் பழத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். பிறகு டாக்டர் வந்ததும், "மேடம், ஒரு சந்தேகம். நோயாளி மூச்சுலயே பழ வாசன வரும்னா, அது எங்க கட்டோட வாசனையோட குழம்பிராதா?" என்றான். அடப்பாவி, என் படுக்கையோரத்தில் நின்றுகொண்டு! ஆனால் நல்ல கேள்வி.

"குழம்பட்டுமே. எந்த வாசனையா இருந்தாலும் ஓடிவர வேண்டிய எடம் இதுதான்" என்றார் டாக்டர். அவன் அதைக் குறித்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 6, புதன்

காப்பிக் கடைக்குப் போனேன். பெர்க்மான்ஸ் அண்ணன் முக்காலியில் உட்கார்ந்தே வறுக்கிறார், கால் ஒரு மெத்தைமேல். பிரிந்த புண் மறுபடி மூடி வருகிறதாம். டாக்டர் நன்றாகத் திட்டினாராம், அதைப் பெருமையாகச் சொன்னார்.

நான் வாயைத் திறக்கும் முன் முகத்தைச் சாய்த்தார். "சோப்பு வாசன. அவ்வளவுதான். நல்லாருக்க."

அன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "கொட்ட வெடிக்கிற நேரம், பேசாத" என்றார். வெடித்தது. "எடு!" என்றார். கொட்டினார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சாப்பாட்டு நேரம். கடை நிறையக் கூட்டம். பையிலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்து, பெஞ்சில் உட்கார்ந்து, வயிற்றில் போட்டுக்கொண்டேன். காப்பித்தூளுக்கு நின்ற ஓர் அம்மா வாயைப் பிளந்து பார்த்தார். பார்க்கட்டும்.

"அண்ணே, ஒரு படிவம் மிச்சமிருக்கு. நீங்க கேளுங்க, நான் எழுதிக்கிறேன்."

அவருக்கு ஆறு கேள்விகளும் மனப்பாடம். குரலைக் கனைத்து, என்னைப் போலவே இழுத்து இழுத்துக் கேட்டார். எத்தனை வருடமாக? புண் இருக்கிறதா? யார் பார்த்துக்கொள்கிறார்கள்? சொன்னேன், எழுதினேன். கோப்பின் அட்டையில் நோயாளிகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் பதினொன்றை அடித்துப் பன்னிரண்டு ஆக்கினேன். அம்மாவிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன், பாரிஸில் என் பெயரும் இந்தப் பட்டியலில் இருக்கும் என்று. அவள் போனை வைக்கவில்லை. கடைசியில், "மதிய ஊசிய மறந்துராத" என்றாள்.

"ஆறாவது" என்றார் பெர்க்மான்ஸ் அண்ணன். "ஒன் நோயப் பத்தி வீட்டுக்கு வெளில யாருகிட்ட சொல்லிருக்க?"

வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். ஏழு பேர் நின்றார்கள். எல்லோரும் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "டாக்டர், குழு, நீங்க. இப்ப இவங்களும்" என்று முணுமுணுத்தேன்.

"சத்தமாச் சொல்லு பாப்பா. உருள சத்தத்துல கேக்கல."

சத்தமாகச் சொன்னேன்.